காலதர் திறக்கட்டும்!

வீட்டிற்குள் காற்று நுழையும் வாயிலுக்குத் தமிழர் இட்ட பெயர் காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்துள் ஆளப்பெற்ற அவ்வொரு சொல், கட்டடம் எழுப்புவோன் கற்க வேண்டிய முதற்பாடத்தையே தன்னுள் அடக்கி நிற்கின்றது. ஆங்கிலேயர் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லும் பழைய நார்சு மொழியில் 'காற்றின் கண்' என்றே பொருள்பட்டது. வெவ்வேறு நிலத்து மக்கள், வெவ்வேறு வானிலையில் வாழ்ந்தும், சுவரில் திறந்த வாயிலைக் காற்றோடு சேர்த்தே எண்ணினர் என்பது இதனால் விளங்கும். பின்னாளில் போர்ச்சுக்கீசிய மொழியினின்று 'சன்னல்' வந்து தமிழில் அமர்ந்தது. காலதர் ஏட்டிற்குள் ஒதுங்கிற்று. சொல் போனதோடு இழப்பு நின்றதா எனின், இல்லை. பொருளும் போய்க்கொண்டிருக்கின்றது. சென்னையில் பழைய மாமல்லபுரச் சாலை நெடுகக் கண்ணாடி போர்த்து நிற்கும் அலுவலகக் கட்டடங்களில், திறக்கத்தக்க காலதர் ஒன்றைத் தேடிக் காண்பதே அரிதாகி விட்டது.

இயற்கையோடு இயைந்த கட்டடம் என்று இன்று உலகெங்கும் பேசப்பெறுகின்றது. அப்பேச்சு சுவரில் செடி தொங்கவிடுவதையும் முகப்பில் பச்சை வண்ணம் பூசுவதையும் குறிப்பதன்று. ஓர் இடத்து ஞாயிறும் காற்றும் மழையும் மண்ணும் என்ன கேட்கின்றன என்பதை முதலில் அறிந்து, அவற்றுக்கு ஏற்பச் சுவரும் கூரையும் வாயிலும் அமைத்து, வெளியிலிருந்து கொணரும் ஆற்றலை இயன்ற மட்டும் குறைத்து, உள்ளிருப்போர் நலமுடன் வாழுமாறு கட்டுவதே அதன் பொருள். இப்பொருளை அளந்து பார்த்தால், தமிழ்நாட்டில் இன்று பொதுப்பணத்தில் எழும் பள்ளிகளும் ஏழையர் குடியிருப்புகளுமே முதலில் தேர்வுக்கு நிற்க வேண்டியவை.

தமிழ்நாட்டு நிலம் கேட்பது என்ன? குமரி முனையிலிருந்து வடவெல்லை வரை இந்நிலம் வடக்கே எட்டாம் பாகைக்கும் பதின்மூன்றரைப் பாகைக்கும் இடையில் கிடக்கின்றது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கின்றது; ஏப்பிரல் திங்களில் ஒருமுறை, ஆகத்துத் திங்களின் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கத்திற்குள் ஒருமுறை. இதனால் கோடையில் வீட்டின் மற்றெந்த உறுப்பைக் காட்டிலும் மிகுதியாக வெயிலை வாங்குவது கூரையே. அதற்கடுத்து வாங்குவன கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். காலையிலும் மாலையிலும் ஞாயிறு தாழ்ந்து நின்று சுடுதலால், அச்சுவர்களைச் சிறு இறவாணம் காக்காது. மரமோ தாழ்வாரமோ வேண்டும். தெற்குச் சுவருக்கோ உச்சி வெயிலைத் தடுக்கச் சிறு இறவாணமே போதும். கடற்கரையில் காற்று ஈரம் மிகுந்தது. ஆங்கே உடலின் வியர்வை உலரக் காற்றோட்டம் இன்றியமையாதது. உள்நாட்டில் வறட்சி மிகுதி. ஆங்கே பகல் வெப்பத்தை உள்ளே விடாது தடுக்கும் பருத்த சுவர் பயன் தரும். வடகிழக்குப் பருவமழையோ சில நாள்களில் கொட்டித் தீர்த்து ஓய்வது. அந்நீரைச் சுவரில் படாமல் வடியவைத்தலும் வேண்டும், வீணாகாமல் சேர்த்தலும் வேண்டும்.

இவ்வளவையும் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று வேண்டுவோர் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையைக் காண்க. நண்பகலில் இரு கோல்களின் நிழலை நோக்கித் திசையறிந்து, நூல் கற்ற வல்லுநர் கயிறிட்டு அளந்து அரண்மனைக்கு மனை வகுத்த செய்தி அதனுள் உள்ளது. வேனிற் காலத்தில் தென்காற்றைத் தருதற்கென்றே அமைந்த வாயில்கள், வாடைக் குளிரில் தாழிட்டு மூடப்பெற்ற செய்தியும் அதனுள்ளேயே உள்ளது. ஒரே கட்டடம் பருவத்துக்கொருவாறு திறந்தும் மூடியும் பயன்பட்டது என்பதே இதன் கருத்து. பொறியின்றிக் குளிர்ச்சியும் வெம்மையும் பெறும் வழி அதுவே.

பின்வந்த நாட்டுப்புற வீடும் அவ்வழியே நின்றது. திண்ணைக்கு மேல் தாழ்ந்து இறங்கிய கூரை, வெயிலையும் சாரலையும் சுவரில் படாமல் தடுத்தது. நடு முற்றத்தின் வழியே வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேற, அவ்விடத்தை நிரப்பக் காலதர் வழியே புதுக்காற்று உள்ளே வந்தது. இரவில் குளிர்ந்த காற்று முற்றத்துள் இறங்கித் தரையைக் குளிர்வித்தது. நான்கு பக்கக் கூரைகளின் மழைநீரும் முற்றத்தில் வீழ்ந்து தொட்டியிலும் அண்டாவிலும் சேர்ந்தது. பருத்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கிக் காலந்தாழ்த்தியே உள்ளே விட்டது. பொறியாளரால் சென்னையின் பெயராலேயே இன்றும் சுட்டப்பெறும் பழைய மச்சுக்கூரையில், தேக்கு விட்டங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாய் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்டு, அதன்மேல் செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதித்தனர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் அக்காரைக்கு உறுதி தந்தன. அத்தனை அடுக்கையும் கடந்து வெயில் உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இங்கே ஒன்றை மறைக்காது சொல்லுதல் வேண்டும். பழமை என்னும் ஒன்றாலேயே எதுவும் போற்றத்தக்கதாகி விடாது. முற்றமும் மச்சும் எல்லார்க்கும் வாய்த்தில. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்தோர், நிழல் தரும் திண்ணையையே பிறர் நுழையக் கூடாத எல்லையாக்கினர். உழைப்போர் பெரும்பாலோர் ஒழுகும் குடிசையிலேயே பிறந்து இறந்தனர். செட்டிநாட்டு மாளிகைகள் காற்றையும் ஒளியையும் மழைநீரையும் ஆண்ட திறம் வியக்கத்தக்கதே. ஆயினும் அவற்றின் தேக்கு பருமாவிலிருந்தும், பளிங்கு இத்தாலியிலிருந்தும் கப்பலேறி வந்தன. ஆதலின் மீட்க வேண்டியது மாளிகையை அன்று. அம்மாளிகைக்குள் இருந்த அறிவை. அவ்வறிவு, மாளிகையில் வாழ்ந்தோரைக் காட்டிலும் குடிசையில் வாழ்ந்தோர்க்கே இன்று மிகுதியும் வேண்டுவது.

அவ்வறிவு கைவிடப்பட்டதன் விளைவைக் காண்க. சிமெண்டு எனப்படும் பைஞ்சுதையும் இரும்புக் கம்பியும் சேர்ந்த கற்காரைத் தளம், நான்கைந்து விரற்கடைப் பருமனில் வெறுந்தளமாக வெயிலில் கிடக்கின்றது. பகலெல்லாம் அது வெப்பத்தைக் குடிக்கின்றது. மாலை தொடங்கி நள்ளிரவு வரை குடித்ததை உள்ளே உமிழ்கின்றது. பகல் முழுதும் உழைத்து வந்தவன் உறங்கும் வேளையே அவன் கூரை மிகச் சுடும் வேளையாகின்றது. மின்விசிறி அவ்வெப்பக் காற்றையே சுழற்றுகின்றது. பொருளுடையோன் குளிரூட்டியைப் பொருத்துகின்றான். குளிரூட்டி குளிரைப் படைப்பதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதொன்றே அதன் தொழில். அதனோடு தான் உண்ட மின்னாற்றலின் வெப்பத்தையும் சேர்த்தே தள்ளுகின்றது. தள்ளிய வெப்பம் தெருவுக்கும் அடுத்த வீட்டுக்கும் போகின்றது. ஒருவன் பெறும் குளிர்ச்சிக்கு மற்றொருவன் வெந்து விலை கொடுக்கின்றான்.

பைஞ்சுதையின் கணக்கும் பெரிது. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டே அது ஆக்கப்பெறுகின்றது. எரிபொருள் விடும் புகையோடு, கல்லுக்குள் அடங்கியிருந்த கரிவளியும் வெளியேறுகின்றது. உலகில் மாந்தர் வெளிவிடும் கரிவளியில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு இவ்வொரு தொழிலினின்றே எழுகின்றது. சுண்ணாம்பும் சுட்டே ஆவதுதான். எனினும் 900 பாகை அளவில் சுட்டால் அதற்குப் போதும். காரையாய்ப் பூசிய பின் காற்றிலுள்ள கரிவளியை மீண்டும் ஓரளவு தானே வாங்கி இறுகுகின்றது. பைஞ்சுதையை அறவே விலக்குதல் இயலாது. பாலத்துக்கும் அணைக்கும் உயர்ந்த மாடத்துக்கும் அது வேண்டும். ஒற்றை மாடி வீட்டுக்கும் ஊர்ப்பள்ளிக்கும் அவ்வளவு வேண்டுமா என்பதே கேள்வி.

அப்படியாயின் மீண்டும் கீற்றுக் கொட்டகைக்கே போகச் சொல்வதா என்று சிலர் சீறக்கூடும். அச்சீற்றத்திற்கு இடமுண்டு. 2004-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். சமையற் கூடத்துத் தீ கூரைக்குத் தாவிற்று. குறுகிய வழியுள்ள கட்டடத்தில் நெருக்கி அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் தப்ப வழியின்றி வெந்தனர். அதன் பின்னர்ப் பள்ளிகளினின்று கீற்று அகற்றப்பட்டது. அகற்றியது முற்றிலும் சரியே. அதில் இரண்டாம் எண்ணத்துக்கு இடமில்லை.

ஆனால் கீற்றை எடுத்த இடத்தில் எதனை வைத்தனர்? பல இடங்களில் தகரத்தையும் கல்நார்த் தகட்டையும் வெறுங் கற்காரையையும் வைத்தனர். தீக்கு அஞ்சிக் கீற்றை நீக்கியவர், வெப்பத்தைப் பற்றி ஒரு வரியும் எண்ணவில்லை. தீப்பற்றாததும் வெயில் கடத்தாததுமாகிய கூரை தமிழ்நாட்டுக்குப் புதிதா? ஊர்களில் இன்றும் எஞ்சி நிற்கும் பழைய ஓட்டுக்கூரைப் பள்ளிகளைக் காண்க. உயர்ந்த முகடு, எரியாத ஓடு, இருபுறமும் நீண்ட தாழ்வாரம், எதிரெதிராய் அமைந்த காலதர்கள், வாசலில் ஒரு வேம்பு. கோடை நண்பகலில் அவ்வறையில் அமர்ந்த மாணவனும் தகரத்தின் கீழ் அமர்ந்த மாணவனும் ஒரே பாடத்தை ஒரே மனத்தோடு கற்க முடியுமா? கல்வியில் சமநிலை பேசுவோர் கூரையைப் பற்றியும் பேசியாதல் வேண்டும்.

ஏழையர்க்கு அரசு கட்டித் தந்த வீடுகளின் நிலையும் இதுவே. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு தொடங்கிய பசுமை வீட்டுத் திட்டத்தில் 300 சதுர அடி வீடுகள் கட்டப்பெற்று, ஞாயிற்றொளியால் எரியும் விளக்குகளும் பொருத்தப்பெற்றன. ஒழுகாத கூரையும் இரவில் விளக்கும் எளியோர்க்குக் கிடைத்தமை பெரும்பேறே. அதனைக் குறைத்துப் பேசுவோர் குடிசையில் ஒரு மழையிரவு தங்கிப் பார்க்கட்டும். எனினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. ஞாயிற்றின் ஒளியை விளக்குக்கு வாங்கத் தெரிந்த திட்டம், அதே ஞாயிற்றின் வெம்மையைக் கூரையில் தடுக்க எண்ணியதா? கடலோர ஊருக்கும் மேற்குமலைச் சரிவுக்கும் இராமநாதபுரத்து வறள்நிலத்துக்கும் ஒரே வரைபடத்தை அனுப்பினால், அவற்றுள் எந்த நிலத்துக்கு அவ்வீடு பொருந்தும்?

வேறு வழி உண்டென்பதற்கு அண்டை நிலத்திலேயே சான்றுண்டு. 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்து, இந்நாட்டுக்கு வந்து நிலைத்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர் இலாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர். வீட்டுக்கு வேண்டும் பொருள்களை ஐந்து கல் தொலைவுக்குள்ளேயே பெறுதல் வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதைத் தம் வாழ்நாள் நெறியாகக் கொண்டவர் அவர். செங்கற்களைக் குப்புற வைக்காமல் விளிம்பில் நிறுத்தி இடையில் வெற்றிடம் விட்டு அவர் கட்டுவித்த சுவர், நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து செங்கற்களை மிச்சப்படுத்திற்று. உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுத்தது. கற்காரைத் தளத்தின் அடிப்பகுதியிலுள்ள காரை, கம்பியைப் பிடித்து நிற்பதன்றிப் பளு தாங்குவதில்லை என்பதைக் கண்டு, அவ்விடத்தில் பழைய சீமை ஓடுகளைப் பதித்தார். காரை குறைந்தது, செலவு குறைந்தது, வெப்பமும் குறைந்தது. மரச்சட்டமும் கண்ணாடியும் வாங்க இயலாதவர்க்குச் செங்கல்லையே இடைவெளிவிட்டு அடுக்கிக் காற்றும் ஒளியும் புகும் சுவராக்கினார். திருவனந்தபுரத்தில் 1970-களில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு நடுவத்துக் கட்டடங்கள், குன்றின் சரிவை வெட்டிச் சமன்படுத்தாமலும் நின்ற மரங்களை இயன்றவரை வீழ்த்தாமலும் அந்நிலத்தின் வளைவிலேயே அமைந்துள்ளன. அயல்நாட்டில் பிறந்தவர் இம்மண்ணின் கொத்தனிடமும் தச்சனிடமும் கற்றார். இம்மண்ணில் பிறந்து பட்டம் பெற்றோரோ அயல்நாட்டுப் படநூலிலிருந்து கற்கின்றனர்.

தொலைவிலுள்ள மற்றொரு சான்றும் எண்ணத்தக்கது. சிம்பாப்வே நாட்டின் தலைநகராகிய அராரேயில் 1996-இல் திறக்கப்பெற்ற ஈசுட்கேட் என்னும் பெருங்கட்டடத்தை மிக்கு பியர்சு என்னும் கலைஞர் கறையான் புற்றை எண்ணி வடித்தார். இரவின் குளிர்காற்றை விசிறிகளால் தளங்களின் உட்புழைகளில் செலுத்திக் கட்டடத்தின் பருத்த உடலைக் குளிர்வித்து, பகலில் அக்குளிர்ச்சியை அறைகளுக்கு வழங்கி, வெப்பக் காற்றைக் கூரைமேல் புகைபோக்கிகள் வழியே வெளியேற்றுவதே அதன் அமைப்பு. வழக்கமான குளிரூட்டிப் பொறி அதற்கு வேண்டாவாயிற்று.

இதைக் கேட்டவுடன் சென்னையிலும் ஒரு புற்றுக் கட்டடம் எழுப்பலாமே என்று விரைவோர்க்கு இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று: அராரே கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது; அதன் இரவு குளிர்ந்தது. சென்னையின் கோடையிரவோ ஈரமும் வெம்மையும் குறையாதது. இரவில் சேர்த்து வைக்கக் குளிர்ச்சி இல்லாத இடத்தில் அம்முறை பயன்தராது. மற்றொன்று: கறையான் புற்று புகைபோக்கியைப் போல் காற்றை இழுத்துக் கூட்டைக் குளிர்விக்கின்றது என்ற கருத்தே முழுதும் சரியன்று என்று 2008-இல் தர்னர், சோர் என்னும் ஆய்வாளர் இருவர் எடுத்துக் காட்டினர். புற்று, உயிர்ப்பை மூச்சு வாங்குவதுபோல் உள்வளியையும் வெளிவளியையும் மாற்றிக்கொள்வதாகவே அவர் கண்டனர். கருத்து பிழைபட்டும் அராரேக் கட்டடம் பயன்பட்டது ஏன்? அது அராரேயின் பகலையும் இரவையும் அளந்து கட்டப்பட்டமையால். இயற்கையைப் பின்பற்றுதல் என்பது அதன் உருவத்தைப் படியெடுத்தல் அன்று. அவ்வவ்விடத்து இயற்கையை அளந்து அறிதல்.

செய்ய வேண்டியன தெளிவானவை. பள்ளிக்கும் குடியிருப்புக்கும் அரசு தரும் வரைபடங்கள் கடலோரம், உள்நாட்டுச் சமவெளி, மலை என நிலத்துக்கொன்றாக வகுக்கப்பெறல் வேண்டும். வெறுந்தளத்தோடு எந்தப் பள்ளியும் ஒப்படைக்கப்பெறலாகாது. செங்கற் சல்லிச் சுண்ணாம்புப் படையும் வெள்ளைத் தட்டோடும் கட்டடச் செலவிலேயே அடங்குதல் வேண்டும். ஏற்கெனவே நிற்கும் தளங்களுக்கு ஆண்டுதோறும் கோடைக்கு முன் வெண்சுண்ணாம்பு பூசினாலே வெயிலின் பெரும்பங்கு திரும்பிப் போகும். அதற்கு ஆகும் செலவு சிறிது. எதிரெதிர்க் காலதரும் தாழ்வாரமும் இல்லாத வகுப்பறைக்கு ஒப்புதல் தரலாகாது. மேற்குப் பக்கத்தில் வேம்பும் புங்கும் நட்டு வளர்த்தல் பள்ளிப் பொறுப்பாதல் வேண்டும். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் சுண்ணாம்புக் காரைக்கும், மண்கல்லுக்கும், ஓடு பதித்த தளத்துக்கும் உரிய இடம் தரவேண்டும். பட்டியலில் இல்லாததை எந்த ஒப்பந்தக்காரரும் கட்டமாட்டார். சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தர்கள் நாடோறும் குறைந்து வருகின்றனர். அவர்தம் கைத்திறனை இளையோர்க்குப் பயிற்றும் பட்டறைகளைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் தொடங்குதல் வேண்டும்.

இவையெல்லாம் நடவாத கனவு என்பார்க்கு, மழைநீர்ச் சேமிப்பை நினைவூட்டினால் போதும். 2003-இல் தமிழ்நாட்டரசு ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதனைக் கட்டாயமாக்கிற்று. குறையும் புறக்கணிப்பும் பின்னர் நேர்ந்தன. ஆயினும் கூரைநீர் வீட்டுக்குரியது என்னும் எண்ணம் மக்கள் நெஞ்சில் பதிந்தது. மழைக்குச் சட்டம் இயற்ற முடிந்த நாட்டில் நிழலுக்கும் காற்றுக்கும் இயற்ற முடியாதா?

தமிழாசிரியர்க்கும் இதில் கடமை உண்டு. இறவாணம், தாழ்வாரம், முற்றம், கூடம், விட்டம், மச்சு என்னும் சொற்களை மாணவர் பொருளறியாது நெட்டுருச் செய்கின்றனர். அப்பொருள்களைக் கண்டதில்லையாதலின் சொற்கள் அவர்க்கு வெற்றொலியாகின்றன. பள்ளி வெளியில் ஒரு கோலை நட்டு, அதன் நிழல் ஆண்டு முழுதும் எங்கு விழுகின்றதென அவரே அளந்து குறிக்கட்டும். தம் வீட்டில் எச்சுவர் சுடுகின்றது, எக்காலதர் காற்றுத் தருகின்றது என எழுதி வரட்டும். அவ்வாறு அளந்து பழகிய பிள்ளை நாளைப் பொறியாளனானால், அவன் வரையும் முதற்கோடே ஞாயிற்றை நோக்கி நிற்கும்.

வீடு கட்டப் புகும் தமிழர் ஒவ்வொருவரும் வரைபடத்தில் ஒப்பமிடுமுன் கட்டுவோனிடம் மூன்று வினாக்களைக் கேட்கட்டும். கூரையின் வெயிலை எது தடுக்கும்? காற்று எவ்வழி வந்து எவ்வழி போகும்? மழைநீர் எங்கே சேரும்? இம்மூன்றுக்கும் விடை கூறாதவன் கையில் செங்கல்லும் பணமும் கொடாதிருக்கட்டும். அரசின் கட்டடத்துக்கும் இதே மூன்று வினாக்களை ஊராட்சி மன்றத்திலும் பெற்றோர் கழகத்திலும் எழுந்து கேட்கட்டும். கேட்போர் பெருகினால் அடைத்த காலதர்கள் திறக்கும்!